லைன் லீடரை யார் வளர்ப்பது?

2014 நவம்பர் 1ஆம் தேதி ஸ்ரீபெரும்புதூர் நோக்கியா ஆலையில் உற்பத்தி நின்றது. 2006இல் தொடங்கிய ஆலை அது. உலகின் பெரிய செல்பேசி ஆலைகளில் ஒன்றாக வளர்ந்து, உச்சத்தில் 8,000 பேருக்கும் மேல் நேரடி வேலை கொடுத்தது. அவர்களில் பெரும்பான்மையினர் படிப்பை முடித்த கையோடு வேலைக்கு வந்த இளம்பெண்கள். 2013இல் வருமான வரி வழக்கு வந்தது. அடுத்த ஆண்டு நோக்கியாவின் செல்பேசித் தொழிலை மைக்ரோசாஃப்ட் வாங்கியபோது, இந்த ஆலை அந்த விற்பனையில் சேராமல் நின்றது. ஆர்டர்கள் வற்றின. ஆயிரக்கணக்கானோர் விருப்ப ஓய்வுத் தொகையை வாங்கிக்கொண்டு வெளியேறினார்கள். மறைமலைநகரில் கார் தயாரித்துவந்த ஃபோர்டு நிறுவனமும் 2021இல் வெளியேறும் முடிவை அறிவித்து, அடுத்த ஆண்டு உற்பத்தியை நிறுத்தியது.

மூடிய இடத்தில் புதியவையும் வந்தன. பழைய நோக்கியா ஆலையை 2019இல் சார்ஜர் தயாரிக்கும் சால்காம்ப் நிறுவனம் எடுத்துக்கொண்டது. 2020–21இல் 166 கோடி டாலராக இருந்த தமிழ்நாட்டின் மின்னணுப் பொருள் ஏற்றுமதி 2024–25இல் 1,465 கோடி டாலரைத் தொட்டது. தூத்துக்குடியில் 2025 ஆகஸ்டில் வின்ஃபாஸ்டின் மின்சாரக் கார் ஆலை திறக்கப்பட்டது.

ஆக, ஆலைகள் வரும், போகும். செய்யும் பொருளும் மாறும். ஒரு தொழிலாளியோடு கடைசிவரை வருவது அவர் கற்றுக்கொண்டது மட்டுமே. எட்டு ஆண்டுகள் செல்பேசி செய்த ஒருவர் எட்டாம் ஆண்டிலும் ஆபரேட்டராகவே இருந்தால், ஆலை மூடும் நாளில் அவர் புதிதாக வேலைக்கு வருபவரோடு ஒரே வரிசையில் நிற்கிறார். அதற்குள் அவர் ஒரு உற்பத்தி வரிசையை வழிநடத்தும் லைன் லீடராகவோ, பிறருக்குக் கற்றுக்கொடுப்பவராகவோ வளர்ந்திருந்தால் அடுத்த ஆலைக்கு அவர் தேவைப்படுவார். தலைமைப் பயிற்சி என்றதும் நம் நிறுவனங்கள் மேலாளர்களை நட்சத்திர விடுதியில் உட்காரவைத்து வகுப்பு எடுப்பதையே நினைக்கின்றன. மாறும் வேலைச்சந்தையில் தலைமை முதலில் வளர வேண்டிய இடம் தொழிற்சாலைத் தளம் என்பதும், அங்கே முதல் படியிலிருந்து இரண்டாம் படிக்கு ஏறும் வழியைத்தான் நாம் கட்டாமல் விட்டிருக்கிறோம் என்பதும் இக்கட்டுரையின் வாதம்.

ஒரு ஷிஃப்டுக்குள் நடப்பது

லைன் லீடரின் வேலையை அருகிலிருந்து பார்த்தால்தான் அதன் கனம் புரியும். காலை ஷிஃப்ட் ஆறு மணிக்கு என்றால் அவர் அதற்கு முன்பே லைனில் நிற்க வேண்டும். நாற்பது பேர் உட்கார வேண்டிய லைனில் நான்கு பேர் வரவில்லை என்று வைத்துக்கொள்வோம். அந்த நான்கு ஸ்டேஷன்களிலும் யாரைப் போடுவது என்று பத்து நிமிடத்துக்குள் முடிவு செய்ய வேண்டும். அன்று புதிதாகச் சேர்ந்த இருவருக்கு வேலையைக் காட்ட வேண்டும். மணிக்கு இத்தனை பீஸ் என்று டார்கெட் பலகையில் எழுதியாக வேண்டும். ரிஜெக்‌ஷன் கூடினால் காரணம் ஆளா, இயந்திரமா, வந்த உதிரிப்பாகமா என்று பிரித்தறிந்து மெயின்டனன்ஸையோ குவாலிட்டியையோ அழைக்க வேண்டும். வீட்டில் ஏதோ பிரச்சினை என்று கண் கலங்கி நிற்கும் பெண்ணிடம் பேச வேண்டும். ஒடிசாவிலிருந்தோ ஜார்க்கண்டிலிருந்தோ வந்தவருக்குப் பாதித் தமிழிலும் பாதி இந்தியிலும் வேலை சொல்ல வேண்டும். புதிய மாடல் வந்து லைனையே மாற்றி அமைக்கும்போது, நேற்றுவரை கை பழகிய வேலையை விட்டு வேறொன்றைக் கற்கும்படி நாற்பது பேரையும் இணங்கவைப்பவரும் அவர்தான். வேலைச்சந்தையில் ஏற்படும் மாற்றம் கொள்கை ஆவணங்களில் எப்படி எழுதப்பட்டாலும், தொழிலாளிக்கு அது லைன் லீடரின் வாய்வழியாகத்தான் வந்துசேர்கிறது.

நல்ல ஆலைகளின் சுவரில் ‘ஸ்கில் மேட்ரிக்ஸ்’ என்றொரு அட்டவணை தொங்கும். இடப்பக்கம் ஆட்களின் பெயர், மேலே ஸ்டேஷன்களின் பெயர், ஒவ்வொரு கட்டத்திலும் நான்காகப் பிரிக்கப்பட்ட ஒரு வட்டம். கால்வட்டம் நிரப்பியிருந்தால் அவர் கற்றுக்கொண்டிருக்கிறார். அரைவட்டம் என்றால் யாராவது பார்த்துக்கொண்டால் செய்வார். முக்கால் என்றால் தனியாகச் செய்வார். முழுவட்டம் என்றால் அடுத்தவருக்குக் கற்றுக்கொடுக்கும் அளவுக்குத் தேர்ந்தவர். தலைமையின் விதை அந்தக் கடைசிக் காலில் இருக்கிறது. தானே செய்வது ஒரு திறன். இன்னொருவரைச் செய்யவைப்பது வேறு திறன். பெரும்பாலான ஆலைகள் முதல் மூன்று கால்களையும் தேவையின் நெருக்கடியால் தாமே நிரப்பிவிடுகின்றன. நான்காவது கால் தானாக நிரம்பாது. அதற்குத் திட்டமிட்ட பயிற்சி வேண்டும்.

மேஸ்திரியின் காலம்

இந்த இடைப்பட்ட பதவிக்கு நம்மிடம் நீண்ட வரலாறு உண்டு. பஞ்சாலைகளில் மேஸ்திரி அல்லது ஜாபர் எனப்பட்டவர் ஊரிலிருந்து ஆளைக் கூட்டிவந்தார், வேலையில் சேர்த்தார், மேற்பார்வை பார்த்தார், வேண்டாதவரை நீக்கினார். இயந்திரம் பற்றிய அறிவோடு, ஆள் சேர்க்கும் செல்வாக்கும் அவரது அதிகாரத்துக்கு அடிப்படையாக இருந்தது. வேலை கிடைக்கவும் நிலைக்கவும் அவருக்குக் கையூட்டு கொடுக்க வேண்டியிருந்தது. 1929இல் அமைக்கப்பட்டு 1931இல் அறிக்கை தந்த விட்லி ஆணையம் இந்த முறையைக் கடுமையாக விமர்சித்தது. ஆள் எடுக்கும் பொறுப்பை ஜாபரிடமிருந்து எடுத்துத் தொழிலாளர் அலுவலரிடம் தரச் சொன்னது. அதற்கும் முன்பே, 1918இல் சென்னைத் தொழிலாளர் சங்கம் உருவானபோது, பின்னி ஆலைத் தொழிலாளர்களின் மனக்குறைகளில் மேலிருப்பவர்கள் நடத்தும் விதமும் ஒன்றாக இருந்தது. பி.பி. வாடியாவும் திரு.வி.க.வும் முன்னின்ற அச்சங்கத்தின் தோற்றத்தைக் கூலி, நேரம் ஆகியவற்றோடு மட்டும் பொருத்திப் பார்த்தால் இந்தப் பக்கம் விடுபட்டுவிடும்.

மேஸ்திரியிடமிருந்து ஆள் எடுக்கும் அதிகாரம் போனது நல்லதே. ஆனால் அந்த இடத்துக்கு வருபவரைப் பயிற்சியால் உருவாக்கும் ஏற்பாடு அதே வேகத்தில் வரவில்லை. கோவையில் 1956இல் நிறுவப்பட்ட சிட்ரா எனும் தென்னிந்திய ஜவுளி ஆராய்ச்சிக் கழகம் போன்றவை ஆலைகளின் மேற்பார்வைத் தரத்தில் கவனம் செலுத்தின. 1971இல் ஜெர்மனியின் உதவியோடு பெங்களூருவில் ஃபோர்மேன் பயிற்சி நிலையம் அமைந்தது. தேவையை அன்றே உணர்ந்தவர்கள் இருந்தார்கள் என்பதற்கு இவை சான்று. ஆனால் ஐடிஐக்கள் பெருகிய அளவுக்கு இத்தகைய நிலையங்கள் பெருகவில்லை.

கற்றுக்கொடுக்கக் கற்பது

தளத் தலைமையைப் பெருமளவில் வளர்க்க முடியுமா என்ற கேள்விக்கு 1940களின் அமெரிக்கா பதில் சொன்னது. பிரான்ஸ் வீழ்ந்த பிறகு போர்த்தளவாட உற்பத்தி திடீரெனப் பெருக வேண்டியிருந்தது. தேர்ந்த தொழிலாளர்கள் படைக்குப் போனார்கள். ஆலை வாசலையே மிதித்திராத பெண்களும் விவசாயிகளும் அவர்களது இடத்துக்கு வந்தார்கள். இவர்களுக்கு யார் கற்றுக்கொடுப்பது? 1940இல் தொடங்கிய தொழிலகப் பயிற்சித் திட்டம் (டி.டபிள்யூ.ஐ.) புதியவர்களை நேரடியாகப் பயிற்றுவிக்க முயலவில்லை. அவர்களை மேற்பார்வையிடுபவர்களுக்குப் பயிற்சி கொடுத்தது. வேலையைக் கற்றுக்கொடுப்பது, ஆட்களோடு பழகுவது, வேலைமுறையை மேம்படுத்துவது என்று மூன்று பாடங்கள். ஒவ்வொன்றும் இரண்டு மணிநேர அமர்வுகள் ஐந்து. ஒரு பாடத்துக்குப் பத்து மணிநேரம். 1945இல் திட்டம் முடிந்தபோது 16,000க்கும் மேற்பட்ட ஆலைகளில் சுமார் 17 லட்சம் பேர் சான்றிதழ் பெற்றிருந்தார்கள்.

முதல் பாடத்தில் ஒரு சோதனை உண்டு. மின்கம்பியில் போடும் ஒரு முடிச்சை எப்படிப் போடுவது என்று பயிற்றுநர் வாயால் மட்டும் சொல்வார். வகுப்பில் யாருக்கும் அது வராது. அடுத்து, ஒன்றும் பேசாமல் செய்து மட்டும் காட்டுவார். அப்போதும் வராது. மூன்றாவதாக, கற்பவரை இயல்பாக உட்காரவைத்து அவருக்கு முன்பே என்ன தெரியும் என்று கேட்பார். ஒவ்வொரு படியாகச் சொல்லியும் காட்டியும், எந்த இடத்தில் தவறு நேரும், ஏன் அப்படிச் செய்ய வேண்டும் என்று விளக்குவார். பிறகு கற்பவரையே செய்யவைத்து, செய்யும்போதே காரணத்தையும் சொல்லச் சொல்வார். கடைசியில் தனியே விட்டு, இடையிடையே வந்து பார்ப்பார். முடிச்சு வந்துவிடும். ஆயத்தம், விளக்கம், செய்துபார்த்தல், பின்தொடர்தல் என்ற இந்த நான்கு படிகளின் வேர், முதல் உலகப்போர்க் காலத்தில் கப்பல் கட்டும் தொழிலாளர்களுக்காகச் சார்லஸ் ஆலன் வகுத்த முறையில் இருக்கிறது. கற்பவருக்கு வரவில்லை என்றால் பொறுப்பு கற்றுக்கொடுத்தவருடையது என்பது இதன் அடிப்படை. “சொன்னேனே, புரியலையா?” என்று கத்தும் சூப்பர்வைசருக்கு இதைவிட நல்ல மருந்து இல்லை.

இத்திட்டம் போருக்குப் பின் ஜப்பானுக்குப் போனது. 1950களின் தொடக்கத்தில் டொயோட்டா அதை ஏற்றது. பிற்காலத்தில் உலகம் வியந்த ஜப்பானிய உற்பத்தி முறையின் அடித்தளங்களில் ஒன்றாக அது அமைந்தது. சர்வதேசத் தொழிலாளர் அமைப்பின் வழியே 1950களில் இந்தியாவுக்கும் வந்தது. ஆனால் இங்கே பரவலான வழக்கமாக வேர்விடவில்லை. நிக்கோலா பியாங்கி, மிக்கேலா ஜார்செல்லி என்ற பொருளியலாளர்கள் அமெரிக்க நிறுவனங்களின் பழைய ஆவணங்களை ஆராய்ந்து, இப்பயிற்சி பெற்ற நிறுவனங்கள் குறைந்தது பத்தாண்டுகளுக்கு விற்பனையிலும் உற்பத்தித்திறனிலும் மேம்பட்டிருந்ததைக் காட்டினார்கள். பத்து மணிநேரப் பாடங்கள் பத்தாண்டுப் பயன் தந்திருக்கின்றன.

பாடியில் நடந்தது

தளத்திலேயே தலைமையை வளர்ப்பது நம் மண்ணில் செல்லுபடியாகுமா என்று கேட்பவர்கள் சென்னை பாடியைப் பார்க்கலாம். அங்கிருந்த சுந்தரம் கிளேட்டனின் பிரேக் பிரிவு, தர மேலாண்மைக்காக ஜப்பான் வழங்கும் டெமிங் பரிசை 1998இல் பெற்றது. இந்திய நிறுவனம் ஒன்று அப்பரிசைப் பெற்றது அதுவே முதல்முறை. ஜப்பானியப் பேராசிரியர் யோஷிகாசு சுடாவின் வழிகாட்டலில் பல ஆண்டுகள் செய்த வேலையின் விளைவு அது. தொழிலாளர்களைச் சிறு குழுக்களாக்கி, தங்கள் லைனின் குறையைத் தாங்களே அளந்து, காரணம் தேடி, தீர்வைச் செய்துபார்க்கச் சொல்லும் முறை அங்கே அன்றாட வேலையாக்கப்பட்டது. தொடர்ந்து சுந்தரம் பிரேக் லைனிங்ஸ் 2001லும், டிவிஎஸ் மோட்டார் 2002லும், ரானே பிரேக் லைனிங் 2003லும் அதே பரிசைப் பெற்றன. ஒரே மாநிலத்தில் இத்தனை ஆலைகள் அந்தத் தரத்தை எட்டியிருக்கின்றன என்றால், தமிழ்நாட்டுத் தொழிலாளியின் திறனில் குறை இல்லை. கேட்பாரும் கற்பிப்பாரும் இருந்தால் ஆபரேட்டர் தன் லைனைத் தானே சீர்செய்வார்.

அந்த ஆலைகளில் நிரந்தரத் தொழிலாளர் பலர் நீண்டகாலம் நிலைத்து வேலை பார்த்தார்கள் என்பதையும் சேர்த்துப் பார்க்க வேண்டும். இன்று எண்ணிக்கையில் வேகமாகப் பெருகுவது காண்ட்ராக்ட் வேலை, தொழிற்பழகுநர் வேலை, இரண்டு மூன்று ஆண்டில் முடிந்துபோகும் வேலை. கொங்கு மண்டலத்திலும் தென்மாவட்டங்களிலும் உள்ள நூற்பாலைகளில் ‘சுமங்கலித் திட்டம்’ என்ற பெயரில் நடந்தது இதன் மோசமான வடிவம். மூன்றாண்டு முடித்தால் கல்யாணச் செலவுக்கு ஒரு தொகை என்று சொல்லி வளரிளம் பெண்களைச் சேர்த்தார்கள். அவள் போய்விடுவாள் என்ற கணக்கின் மேல் கட்டிய வேலையில் அவளை வளர்ப்பதற்கு யாருக்கும் காரணம் இருக்காது.

பெண்கள் ஏன் மேலே வருவதில்லை?

தமிழ்நாட்டுக்கு இது தனிக் கேள்வி. இந்தியத் தொழிற்சாலைகளில் வேலைசெய்யும் பெண்களில் ஐந்தில் இரண்டு பங்குக்கும் மேல் இந்த ஒரே மாநிலத்தில் இருக்கிறார்கள். நூற்பாலையிலும் பனியன் கம்பெனியிலும் காலணி ஆலையிலும் செல்பேசி லைனிலும் உட்கார்ந்திருப்பவர்கள் பெண்கள். அவர்களுக்குப் பின்னால் நின்று டார்கெட் கேட்பவர் பெரும்பாலும் ஆண். ‘பெண்களுக்கு அதட்டத் தெரியாது’, ‘கல்யாணமானால் போய்விடுவார்கள்’, ‘இயந்திரம் பழுதானால் என்ன செய்வார்கள்’ என்ற மூன்று பதில்கள் எங்கும் தயாராக இருக்கும்.

இந்தப் பதில்களை வங்கதேசத்தில் சோதித்துப் பார்த்தார்கள். அங்கே ஆயத்த ஆடை ஆலைகளில் தையல் ஆபரேட்டர்களில் ஐந்தில் நால்வர் பெண்கள். சூப்பர்வைசர்களில் இருபதில் ஒருவர்தான் பெண். மக்கியவெல்லோ, மென்சல், ரப்பானி, வுட்ரஃப் ஆகிய ஆய்வாளர்கள் ஆண்களும் பெண்களுமாகச் சிலரைத் தேர்ந்து, ஆறு வாரப் பயிற்சி தந்து, லைன்களில் பொறுப்புக் கொடுத்துப் பார்த்தார்கள். திறன் தேர்வில் இரு தரப்புக்கும் வேறுபாடு இல்லை. ஆனாலும் ஆண்தான் நல்ல சூப்பர்வைசர் என்று மேலிருந்து கீழ்வரை நம்பினார்கள். தொடக்கத்தில் பெண்களின் கீழ் வேலைசெய்தவர்கள் அவர்களுக்குக் குறைந்த மதிப்பெண் கொடுத்தார்கள். சில மாதங்கள் சேர்ந்து வேலை செய்த பிறகு அந்த இடைவெளி மறைந்தது. முதல் மாதத்திலேயே ‘சரிப்பட்டு வரவில்லை’ என்று அந்தப் பெண்ணைத் திரும்ப இயந்திரத்தில் உட்காரவைக்கும் ஆலை, அவளது திறமையின் குறையை அளப்பதாக நினைத்துக்கொண்டு சுற்றியிருப்பவர்களின் பழக்கமின்மையை அளந்துகொண்டிருக்கிறது.

இன்னொரு ஆய்வு பெங்களூருவில் நடந்தது. அத்வர்யு, கலா, நியஷாதம் ஆகியோர் ஆடை ஆலைகளில் பெண் தொழிலாளர்களுக்கு அளிக்கப்பட்ட பயிற்சியை ஆராய்ந்தார்கள். பேசும் திறன், நேர மேலாண்மை, சிக்கலை அணுகும் முறை ஆகியவை அதில் பாடங்கள். பயிற்சி பெற்றவர்களின் உற்பத்தித்திறன் மற்றவர்களைவிடப் பத்து சதவீதத்துக்கும் மேல் உயர்ந்தது. அவர்களது ஊதியமோ ஏறத்தாழ அரை சதவீதம்தான் கூடியது. நிறுவனத்துக்குப் பெரும் லாபம். உழைத்தவருக்குக் கிடைத்தது சொற்பம். ‘பயிற்சி கொடுத்தால் ஆள் வேறு கம்பெனிக்குப் போய்விடுவார்’ என்ற பயமும் அங்கே மெய்யாகவில்லை. இந்த ஆய்வை ஊன்றிப் படிக்கும் ஒருவருக்குப் பயிற்சியோடு படியும் சம்பளமும் சேர்ந்து உயர வேண்டும் என்ற நியாயம் தானே எழும்.

கட்டியிருப்பதும் விட்டிருப்பதும்

தமிழ்நாடு சும்மா இருந்துவிடவில்லை. 2022 மார்ச் 1இல் தொடங்கிய ‘நான் முதல்வன்’ திட்டம் கல்லூரி மாணவர்களை வேலைக்கு ஆயத்தம் செய்கிறது. 71 அரசு ஐடிஐக்களை டாடா டெக்னாலஜீஸ் உதவியோடு 2,877 கோடி ரூபாயில் நவீன மையங்களாக்கும் பணி நடந்தது. ரோபோ, சிஎன்சி, முப்பரிமாண அச்சு என்று மாணவர் கை பழக முன்பு வாய்ப்பில்லாத கருவிகள் ஊர்ப்புற ஐடிஐக்கும் வந்தன. தங்குமிடத்திலும் மாற்றம் வந்தது. 2021 டிசம்பரில் விடுதி உணவால் பலர் நோயுற்றதை அடுத்து ஐபோன் ஆலைப் பெண்கள் சென்னை–பெங்களூரு நெடுஞ்சாலையில் உட்கார்ந்து போராடினார்கள். அதன் பிறகு, 2024 ஆகஸ்டில் வல்லம் வடகாலில் 18,720 பெண்கள் தங்கும் விடுதி திறக்கப்பட்டது. இவை யாவும் வேண்டியவை.

ஆனால் கூர்ந்து பார்த்தால் இவை எல்லாம் ஆலை வாசல்வரை கொண்டுவந்து விடும் முயற்சிகள். வாசலுக்கு உள்ளே என்ன நடக்கிறது என்பதை அரசு நிறுவனத்திடம் விட்டுவிட்டது. நிறுவனம் அன்றைய டார்கெட்டிடம் விட்டுவிட்டது. மத்திய அரசின் தொழிற்பழகுநர் விதிகளும் இப்படித்தான். 2019 திருத்தத்தின்படி 30 பேரோ அதற்கு மேலோ உள்ள நிறுவனம் தன் ஆள்பலத்தில் 2.5 முதல் 15 சதவீதம்வரை தொழிற்பழகுநர்களைச் சேர்க்க வேண்டும். எத்தனை பேரைச் சேர்த்தோம் என்ற கணக்கு கேட்கப்படுகிறது. ஐந்து ஆண்டு கழித்து அவர்கள் எந்தப் பதவியில் இருக்கிறார்கள் என்ற கணக்கை யாரும் கேட்பதில்லை.

ஜெர்மனியின் ஏற்பாடு இங்கே ஒப்பிடத் தக்கது. தொழிற்பழகுநர் வாரத்தில் மூன்று நான்கு நாள் நிறுவனத்திலும் மீதி நாள் தொழிற்பள்ளியிலும் கற்பதைப் பற்றி நாம் நிறையப் பேசியிருக்கிறோம். அதன் மறுபாதியைப் பற்றிப் பேசுவதில்லை. அங்கே கற்றுக்கொடுப்பவருக்கும் தேர்வு உண்டு. தொழிலாளியாகத் தொடங்கியவர் ‘மைஸ்டர்’ தேர்வு எழுதி உயரலாம். நாட்டின் தகுதிக் கட்டமைப்பில் அது இளநிலைப் பட்டத்துக்கு இணையான ஆறாம் நிலையில் வைக்கப்பட்டிருக்கிறது. கையால் உழைத்துத் தேர்ந்தவருக்குப் பட்டதாரிக்கு நிகரான மதிப்பை அந்தக் கட்டமைப்பே தருகிறது. நம் ஆலைகளில் பத்தாண்டு அனுபவமுள்ள ஆபரேட்டருக்கு மேல், நேற்று கல்லூரி முடித்த பொறியாளர் சூப்பர்வைசராக வந்து உட்காருகிறார். இருவருக்கும் அது நல்லதில்லை.

செய்யக்கூடியவை

முதலாவதாக, லைன் லீடர் பொறுப்பை ஏற்கும் முன் பயிற்சி கட்டாயமாக வேண்டும். கற்றுக்கொடுப்பது, ஆட்களோடு பழகுவது, வேலைமுறையை மேம்படுத்துவது ஆகிய மூன்றையும் தமிழில், பத்துப் பத்து மணிநேரப் பாடங்களாக அமைக்கலாம். நவீனமாக்கப்பட்ட ஐடிஐக்கள் மாலையிலும் வார இறுதியிலும் இதற்கு இடம் தரட்டும். தனியே பயிற்சித் துறை வைத்துக்கொள்ள முடியாத சிறு பட்டறைகளுக்கும் திருப்பூர் யூனிட்டுகளுக்கும் இதனால்தான் அதிகப் பயன்.

இரண்டாவதாக, சுவரில் தொங்கும் ஸ்கில் மேட்ரிக்ஸ் தொழிலாளியின் சொத்தாக வேண்டும். அவர் எந்தெந்த ஸ்டேஷனில் முக்கால், எதில் முழுவட்டம், எத்தனை பேருக்குக் கற்றுக்கொடுத்தார் என்பது வேலையை விட்டுப் போகும் நாளில் கையெழுத்தோடு அவர் கைக்கு வர வேண்டும். திறன் மேம்பாட்டுக் கழகம் அதை அங்கீகரித்தால் அடுத்த ஆலை அவரை அடிமட்டத்தில் இருந்து தொடங்கச் சொல்லாது. ஆலை மூடும்போது தொழிலாளிக்கு இழப்பீட்டுத் தொகை எவ்வளவு முக்கியமோ அவ்வளவு முக்கியம் இந்தத் தாள்.

மூன்றாவதாக, பொறுப்புக்கு வரும் பெண்களுக்கு ஆறு மாத அவகாசம் தர வேண்டும். அதற்குள் தீர்ப்பு எழுதக் கூடாது. ஒரு பெண்ணை மட்டும் தனியே ஏற்றிவிட்டு வேடிக்கை பார்ப்பதைவிட, ஒரே தளத்தில் நான்கைந்து பேரைச் சேர்த்து ஏற்றினால் ஒருவருக்கொருவர் துணையாக இருப்பார்கள். இரவு ஷிஃப்ட் பேருந்தும் குழந்தைக் காப்பகமும் சலுகைக் கணக்கில் எழுதப்படுகின்றன. திருமணத்துக்குப் பிறகும் அனுபவசாலிகளை வேலையில் நிறுத்திவைக்கும் உற்பத்திச் செலவாக அவற்றை எழுத வேண்டும்.

நான்காவதாக, அரசு தன் பேரத்தில் இதைச் சேர்க்க வேண்டும். சிப்காட் நிலம், மின்கட்டணச் சலுகை, முதலீட்டு மானியம் என்று பொதுமக்கள் பணம் ஒவ்வொரு பெரிய ஆலைக்குள்ளும் போகிறது. புரிந்துணர்வு ஒப்பந்தம் கையெழுத்தாகும்போது எத்தனை பேருக்கு வேலை என்று மேடையில் அறிவிக்கிறோம். அதே மேடையில் இன்னொரு எண்ணையும் அறிவிக்கச் சொல்ல வேண்டும்: ஆபரேட்டராகச் சேர்பவர்களில் எத்தனை பேர் ஐந்தாண்டில் லைன் லீடர் ஆவார்கள், அவர்களில் பெண்கள் எத்தனை பேர்? ஆண்டுதோறும் அந்த எண்ணைக் கணக்குக் காட்டும் நிறுவனத்துக்கு அடுத்த கட்டச் சலுகை முதலில் கிடைக்கட்டும். வேலையின் எண்ணிக்கையை அறிவிக்கும் அரசுக்கு அந்த வேலை ஒரு வாழ்க்கையாக வளர்கிறதா என்று கேட்கும் உரிமையும் கடமையும் இருக்கின்றன.